கழற்றி வைத்ததை மாட்டுகிறவர்கள்

‘எந்திரன்’ படத்தின் கடைசிக் கட்டத்தில் சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது. நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது, செய்தவனுக்கோ கை வரவில்லை. இயந்திரமே ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி வைக்கிறது, பேச்சை மட்டும் விடுவதில்லை. பிறகு 2030ஆம் ஆண்டு, ஓர் அருங்காட்சியகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். இதை ஏன் கழற்றிவிட்டார்கள் என்று ஒரு சிறுமி கேட்க, கழற்றிக் கிடக்கிற தலையே பதில் சொல்கிறது: நான் சிந்திக்கத் தொடங்கிவிட்டேன் என்று. 2010 அக்டோபரில் வந்த அந்தப் படத்தில் இரைச்சல் ஏராளம், வெடிச்சத்தம் ஏராளம். ஆனால் முடிவில் ஒரு நிதானம் இருந்தது. எழுதியவர் யோசித்து, கணக்குப் பார்த்து, கொடுக்க வேண்டிய விலையைக் கொடுத்து வாங்கிய முடிவு அது. எட்டு ஆண்டு கழித்து, 2018 நவம்பரில், ‘2.0’ வந்தது. அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய உடலை எடுத்து மாட்டினார்கள். முதல் படத்தில் நாசத்துக்கெல்லாம் மூலமாக இருந்த சிவப்புச் சில்லு, இரண்டாவதில் ஆபத்து முற்றிய நேரத்தில் ஆபத்பாந்தவனாக வந்து சேர்கிறது. அரங்கில் விசில் பறந்தது. அந்த விசில் எனக்குள் இன்னும் அடங்கவில்லை. படம் நன்றாக இருந்ததா என்பது என் பிரச்சினை இல்லை. அதைப் பேசி முடித்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒருவர் எச்சரிக்கையாக வைத்துவிட்டுப் போன பொருள் அடுத்தவர் கையில் எப்படிப் பரிசுப்பொருளாக மாறுகிறது என்பதுதான் உறுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் எழுதுகிற கை மாறியிருந்தது.

சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று இறந்தார். ‘எந்திரன்’ வசனத்துக்கு அவர் பெயரோடு ஷங்கர் பெயரும் மதன் கார்க்கி பெயரும் வருகின்றன. யார் எந்த வரியை எழுதினார்கள் என்று வெளியில் இருக்கிற நாம் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் சில இடங்களில் ஒரு ஆள் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்வார். நாயகியைக் கடித்த கொசுவைத் தேடிக்கொண்டு சிட்டி போகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கொசுக்கூட்டத்தோடு அதன் மொழியிலேயே பஞ்சாயத்து நடக்கிறது. குற்றவாளி பிடிபடுகிறது, மன்னிப்புக் கேட்கவைக்கப்படுகிறது. அதன் பெயர் ரங்குஸ்கி. சுஜாதா என்ற பெயரில் எழுதிய, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன் என்கிற மனிதரின் குறும்பு என்று நான் அதைப் படிக்கிறேன். பெரிய பெரிய கோடிகளை விழுங்குகிற ஒரு படத்தின் நடுவில், ரஷ்யத் தொப்பி போட்ட ஒரு ரங்கனைக் கொசுவாக நுழைத்துவிட்டு, கதைக்குத் தேவையா என்ற கேள்விக்கே இடம் தராமல் நகர்ந்துவிடுகிற கை. நான் இருக்கும் தென்னூரிலிருந்து உய்யக்கொண்டான் வாய்க்கால் சற்றுத் தள்ளித்தான் ஓடுகிறது. கொசுக்களுக்கு அந்தத் தூரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி, கையில் பேட்டோடு உட்கார்ந்திருக்கிற ஊரில் அந்தக் காட்சிக்கு விழுந்த சிரிப்பு வேறு மாதிரியானது. இப்போது ‘2.0’ பக்கம் வாருங்கள். அங்கேயும் சின்னஞ்சிறு பறக்கிற உயிர்தான். சிட்டுக்குருவி. கைப்பேசிக் கோபுரத்தின் அலைவீச்சில் பறவைகள் செத்து விழுகின்றன. பட்சிராஜன் என்ற முதிய பறவையியலாளர் அதே கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறார். கொசு சிரிப்பாக இருந்த இடத்தில் குருவி ஆவேசமாக வந்து நிற்கிறது. ஒன்று இயந்திரத்தைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறது. மற்றது மனிதனைப் பார்த்துச் சபிக்கிறது. இரண்டையும் ஒரே கதையின் இரண்டு பாகம் என்று சொல்லித்தான் நமக்கு டிக்கெட் கொடுத்தார்கள்.

‘2.0’ வசனத்தில் ஷங்கரோடு சேர்ந்திருப்பவர் ஜெயமோகன். அறிவியல் புனைவு அவருக்குப் புதிதில்லை. ‘விசும்பு’ என்று ஒரு தொகுப்பே போட்டிருக்கிறார். ஆனால் அவர் நுழைகிற வாசல் வேறு. சுஜாதாவுக்கு அறிவியல் என்பது பெரும்பாலும் தொழிற்கூடத்திலிருந்து வருவது. செயின்ட் ஜோசப் கல்லூரி இயற்பியல், எம்.ஐ.டி. மின்னணுவியல், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ், வாக்குப்பதிவு இயந்திரம் என்று வாழ்நாள் முழுக்கச் சாலிடரிங் வாசனையோடு இருந்தவர். இயந்திரம் எங்கே இடறும், எங்கே பொய் சொல்லும், அதைவைத்து யார் யாரை ஏய்ப்பார்கள் என்பதில் அவருக்கு ஆர்வம். ஜெயமோகன் மரபின் அறிவுத்துறைகளுக்குள் நின்றுகொண்டு நவீன அறிவியலைக் குறுக்கு விசாரணை செய்கிறவர். ஆகையால் ‘2.0’இல் உடலைச் சுற்றிய ஒளி, இறந்த பிறகும் அடங்காத ஆற்றல் என்றெல்லாம் பேச்சு வருவதில் எனக்கு வியப்பில்லை. இங்கேயே எனக்கு ஒரு சந்தேகம் குறுக்கிடுகிறது. இதையெல்லாம் எழுத்தாளர் தலையில் ஏற்றுவது நியாயமா? கதை, திரைக்கதை, இயக்கம் மூன்றும் ஷங்கருடையவை. மாறாமல் இருந்தவர் அவர்தான். முப்பரிமாணம் வந்துவிட்டது, செலவு எங்கேயோ போய்விட்டது, ரசிகர்கள் பழைய வில்லன் சிட்டியைத் திரும்பப் பார்க்கத் துடித்தார்கள். சுஜாதாவே இருந்திருந்தாலும் சிவப்புச் சில்லு வந்திருக்கலாம். ‘இந்தியன்’ 1996இல் சுஜாதா வசனத்தில் வந்தது. 2024இல் வந்த ‘இந்தியன் 2’க்கு ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லக்ஷ்மி சரவணகுமார் என்று மூவர். அங்கேயும் தாத்தா திரும்பி வந்தார். ஆக, திரும்ப வருவது என்பது எழுத்தாளர் முடிவு செய்கிற காரியமாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் திரும்பி வருகிறவன் என்ன பேசுகிறான், எதைப் பார்த்துத் தயங்குகிறான் என்பது எழுத்தாளர் கையில்தான் இருக்கிறது. முதல் சிட்டி வாயைத் திறந்தால் அதில் ஒரு தயக்கம் இருக்கும், புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளத் திணறுகிற தயக்கம். இரண்டாம் சிட்டிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்ட இயந்திரத்தோடு எனக்கு என்ன பேச்சு?

நம் தொலைக்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. நெடுந்தொடரில் நடிக்கிறவர் நடுவில் விலகிவிட்டால், அடுத்த காட்சியில் புதிய முகம் தோன்றும்போது திரையில் எழுத்து ஓடும்: இவருக்குப் பதில் இவர். மாமியார் வேறொருவர் ஆகிவிடுவார். மருமகள் அதே கோபத்தோடு அவரிடம் சண்டையைத் தொடர்வாள். பார்க்கிறவர்களும் ஒரு நாள் முணுமுணுத்துவிட்டு மறுநாள் பழகிவிடுவார்கள். வசனம் எழுதுகிறவர் மாறினால் அப்படி ஓர் அட்டை வருவதில்லை. முகப்புப் பாட்டுக்கு நடுவே ஓடுகிற பெயர்களில் ஒன்று போய் இன்னொன்று வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாக்களுக்குத் தெரிந்துவிடும். “இவ இப்படிப் பேச மாட்டாளே, என்ன ஆச்சு இவளுக்கு?” என்பார்கள். எழுத்தாளர் பெயரை ஒருநாளும் படித்திராதவர்கள். முகம் மாறியதைப் பொறுத்துக்கொள்கிறவர்களால் பேச்சு மாறியதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. முகம் என்பது கதாபாத்திரத்தின் மேல்சட்டைதான் என்றும் பேச்சில்தான் ஆள் இருக்கிறான் என்றும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. ‘மர்மதேசம்’ தொடர்களின் எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன். ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ இரண்டையும் நாகா இயக்கினார். தொடருக்குத் தொடர் ஊர் மாறியது, கதை மாறியது, நடிகர்கள் மாறினார்கள். சித்தர், ஜோசியம், காவல் தெய்வம், அதன்மேல் ஒரு டாக்டரின் சந்தேகம் என்கிற அந்தக் கலவை மட்டும் மாறவில்லை. எழுதுகிற கை ஒன்றாக இருந்தால் மற்றதெல்லாம் மாறினாலும் ஒரே தொடராகத் தோன்றும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று என் கைவசம் இல்லை.

முகமாற்றத்தைக் கதைக்குள்ளேயே ஜீரணித்துக்கொண்ட தொடர் ஒன்று உண்டென்றால் அது பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’தான். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. மூன்று ஆண்டில் நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நலம் குன்றியது. அட்டை போடுவதற்குப் பதில் அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். டாக்டர் வேற்றுக்கோள்வாசி, சாகிற நேரத்தில் வேறு உடலெடுப்பார் என்று கதையிலேயே எழுதிவிட்டார்கள். இன்றுவரை அந்தத் தொடரைக் காப்பாற்றுவது அந்த ஒரு யுக்திதான். ஆனால் நடிகர் மாற்றத்துக்குக் கண்டுபிடித்த மருந்து எழுத்தாளர் மாற்றத்துக்கு உதவவில்லை. 1976இல் ராபர்ட் ஹோம்ஸ் ஒரு கதையில், இப்படி உடல் மாறுவது பன்னிரண்டு முறைதான் நடக்கும் என்று போகிறபோக்கில் ஒரு விதியைச் செருகினார். அந்தக் கதைக்கு அது தேவைப்பட்டது, எழுதினார், நகர்ந்தார். 1986இல் இறந்தும் போனார். அந்த ஒரு வரி பைசல் செய்யாத கடனைப்போலத் தொடரோடு கூடவே வந்துகொண்டிருந்தது. 2013இல் ஸ்டீவன் மொஃபட் என்ற தலைமை எழுத்தாளர் அதைத் தீர்க்க வேண்டிய இடத்துக்கு வந்து, டாக்டருக்குப் புதிதாக ஓர் ஆயுள்வரிசையைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்தார். இதைவிடப் பெரிய கூத்து டாக்டரின் சொந்தக் கோளுக்கு நடந்தது. 2005இல் தொடரை உயிர்ப்பித்த ரஸ்ஸல் டி டேவிஸ், அந்தக் கோள் ஒரு போரில் அழிந்துவிட்டது, அழித்தவரே டாக்டர்தான் என்று வைத்தார். அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் அவருடைய டாக்டர் நடமாடினார், சிரித்தார், காதலித்தார். அடுத்து வந்த மொஃபட், 2013இன் ஐம்பதாவது ஆண்டு விழாக் கதையில், கோள் அழியவே இல்லை, டாக்டர் அதை ஒளித்துவைத்துக் காப்பாற்றிவிட்டார் என்று திருத்தினார். அவருக்குப் பின் வந்த கிறிஸ் சிப்னால் 2020இல் மறுபடி அழித்தார். அழித்ததோடு நிற்காமல், டாக்டரின் பிறப்பையே வேறுவிதமாக எழுதினார். ஒரு கோள் மூன்று எழுத்தாளர்கள் கையில் அழிந்தும் பிழைத்தும் மறுபடி அழிந்தும் போனது. பார்க்கிறவன் எந்தத் துக்கத்தை நம்புவது?

இதை வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று பிடிபடுகிற மாதிரி இருக்கிறது. எழுத்தாளர் மாறினால் நடை மாறிவிடும், வேகம் மாறிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சின்ன விஷயம். பெயர்கள் சுலபமாகக் கைமாறுகின்றன. ‘2.0’இல் வருகிற பெண் ரோபோவின் பெயர் நிலா. சுஜாதாவின் புகழ்பெற்ற நாயகியின் பெயரும் அதுவே. தற்செயலோ, வணக்கமோ, பெயர் வந்துவிட்டது. 1986இன் ‘விக்ரம்’ பட நாயகனின் பெயரும் தொழிலும் 2022இல் வேறொரு படத்துக்கு வந்து சேர்ந்தன. அதையும் யாரும் குறைசொல்லவில்லை. நடையைக்கூடப் பாதியளவு பிடித்துவிடலாம், கெட்டிக்காரனுக்கு அது பெரிய காரியமில்லை. புதிய கை வந்ததும் முதலில் பலியாவது பழைய கையின் முடிவு. நீண்டுகொண்டே போக வேண்டிய தொடரில், முன்னவர் எங்கே முற்றுப்புள்ளி வைத்தாரோ அங்கேதான் பின்னவருக்கு வேலை ஆரம்பிக்கிறது. வேறு வழியும் இல்லை. கதவைத் திறந்தால்தான் உள்ளே போகலாம். அறிவியல் புனைவில் இது இன்னும் சுலபம் என்பதே அதன் சாபம். குடும்பக் கதையில் செத்தவனைத் திருப்பிக் கொண்டுவர இரட்டைப் பிறவி, நினைவுமறதி என்று ஏதாவது தகிடுதத்தம் செய்தாக வேண்டும், பார்க்கிறவனும் சிரிப்பான். இங்கே காலப்பயணம் இருக்கிறது, நகல் இருக்கிறது, சில்லு இருக்கிறது, இணை உலகம் இருக்கிறது. எந்தச் சாவையும் தொழில்நுட்பக் கோளாறாக்கிவிட்டு மேலே போகலாம். விலை கொடுத்து வாங்கிய முடிவுக்கு, கடைக்காரர் மாறியதும் விற்ற சரக்கு திரும்பப் பெறப்படும் என்று போர்டு மாட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் அப்படி ஒரேயடியாகச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. தென்னூர் ஹைரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் முன்பு ஒரு வாடகை நூலகம் இருந்தது. வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள். மைதாப் பசையும் பழைய காகிதமும் கலந்த வாசனை. பின் குத்திய இடத்தில் துரு இறங்கி ஒரு பழுப்பு வட்டம். கதை ஓடுகிற பக்கத்தின் மறுபுறம் பாதி சோப்பு விளம்பரம், பாதி ஜோக். அப்படித்தான் ‘என் இனிய இயந்திரா’வை நான் படித்தேன். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்தது. எதிர்கால இந்தியா, ஜீவா என்ற ஒற்றை ஆள் ஆட்சி. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீனோ. ஜீனோ ஓர் இயந்திர நாய்க்குட்டி. புத்தகம் படிக்கும், வாய் நீளம், ஆட்சியைக் கவிழ்க்கிற சதியில் சாவகாசமாகப் பங்கெடுக்கும். அந்த பைண்டு வால்யூமில் நடுவில் ஒரு வாரம் இல்லை. நூலகக்காரரிடம் கேட்டதற்கு, “யாரோ கிழிச்சுட்டுப் போயிட்டாங்க தம்பி. ஜீனோ எப்படியும் தப்பிச்சிடும், நீயே யோசிச்சுக்கோ” என்றார். யோசித்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தை எழுதியது நான். பிறகு புத்தகமாக வாங்கியும் அந்த இடம் வரும்போது வேகமாகப் பக்கம் புரட்டிவிடுகிறேன். கொடைக்கானல் பக்கமாகத் திருப்பிவைத்த ஆன்டெனாவில் புள்ளிபுள்ளியாக வந்த தூர்தர்ஷனில் அதே கதை தொடராக வந்தபோது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜீனோ ஏற்கெனவே இருந்தது. திரையில் வந்த நாயை யாரும் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. எழுத்தாளர் மாறுவது தலைமை அலுவலகத்தில் மட்டும் நடக்கிற காரியமில்லை, வாரம் ஒருமுறை வருகிற எதற்கும் நடுவில் இருக்கிற ஆறு நாளும் படிக்கிறவன்தான் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று அப்போது தெரிந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘என் இனிய இயந்திரா’வை முடித்த சுஜாதாவே ‘மீண்டும் ஜீனோ’ எழுதினார். தான் மூடிய கதவைத் தானே திறந்தார். திறந்தவர் அதே சுஜாதாதானா? இரண்டாவதில் நகைச்சுவை கசந்திருந்தது. கவிழ்ந்த ஆட்சிக்குப் பிறகு வருகிற ஆட்சி என்ன செய்யும் என்ற கேள்வி அவரை வேறு பக்கம் இழுத்திருந்தது. கையெழுத்து ஒன்றாக இருந்தாலும் ஆள் மாறிவிடலாம். ஆகவே திறப்பதே குற்றம் என்றால் முதல் குற்றவாளி சுஜாதாதான். அவர் திறந்தது எனக்கு உறுத்தவில்லை. ஏன் என்று யோசித்தால், தன் முந்தைய முடிவை அவர் பொய்யாக்கவில்லை. வெற்றி வெற்றிதான், ஆனால் அதற்குப் பிறகும் காலை விடிகிறது என்று மட்டும் சொன்னார்.

கல்கி இறந்தபோது ‘அமர தாரா’ பாதியில் நின்றது. 1954 டிசம்பர் 5. மகள் ஆனந்தி அதை முடித்தார். வாசகருக்கு விஷயம் தெரியும், பத்திரிகையும் மறைக்கவில்லை. எங்கே தந்தை முடிந்து எங்கே மகள் தொடங்குகிறார் என்ற தையல் வெளியே தெரிகிறது. அந்தத் தையலை மறைக்காததே மரியாதை என்று எனக்குப் படுகிறது. இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நீண்ட பயிற்சி உண்டு. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே நூற்றாண்டுக் கணக்கில் ஒரே நூலுக்குப் பலர் மாறிமாறிப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருவாய்மொழிக்குத் தலைமை உரைகாரர்கள் மாறியபோது நடந்த ஒரு சண்டையைக் குருபரம்பரைக் கதைகள் பதிவு செய்திருக்கின்றன. ஆளவந்தார் காலமாகிவிட்டார். அவரிடம் நேரில் பாடம் கேட்ட திருமாலையாண்டான், ராமானுஜருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு பாசுரத்துக்கு ராமானுஜர் வேறு பொருள் சொல்கிறார். ஆண்டானுக்குக் கோபம். ஆளவந்தார் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, நீர் சொல்வது விசுவாமித்திர சிருஷ்டி என்று பாடத்தையே நிறுத்திவிடுகிறார். திரிசங்குவுக்காக விசுவாமித்திரர் படைத்த போட்டிச் சொர்க்கம் நினைவிருக்கும். மூலத்தில் இல்லாததை இருப்பதுபோல் படைக்கிறாய் என்ற குற்றச்சாட்டு அது. இன்று ஒரு தொடரின் பழைய ரசிகர்கள் புதிய எழுத்தாளரைப் பார்த்துச் சொல்வதும் வேறென்ன? திருக்கோட்டியூர் நம்பி வந்து, அதே பொருளை ஆளவந்தார் வாயால் நான் கேட்டிருக்கிறேன் என்று சாட்சி சொன்ன பிறகுதான் பாடம் தொடர்ந்ததாம். ராமானுஜர் தம்மை ஆளவந்தாருக்கு ஏகலைவன் என்று சொல்லிக்கொண்டார் என்பார்கள். நேரில் கேட்காமலேயே கற்றவன், ஆனாலும் சீடன். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் சாட்சி வந்த இடம் இல்லை. பின்னாளில் நம்பிள்ளை சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு 36000 படி உரையில், ஒரே பாட்டுக்கு ஆளவந்தார் இப்படிச் சொல்வார், எம்பெருமானார் (ராமானுஜர்தான்) இப்படிச் சொல்வார், பட்டர் இப்படிச் சொல்வார் என்று வேறுவேறு பொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வென்றவர் தோற்றவரை அழிக்கவில்லை. யாருடைய கருத்து எது என்று பெயர் போட்டு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. படிக்கிறவனுக்கு மூலமும் தெரியும், கைமாறிய இடமும் தெரியும்.

இதை நவீனத் தொடரில் செய்ய முடியுமா என்றால், ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். டேவிஸ் 2023இல் ‘டாக்டர் ஹூ’வுக்குத் திரும்பி வந்தார். தான் எழுதியதை இருவர் புரட்டிப் போட்டிருந்தார்கள். நினைத்திருந்தால் சிப்னால் எழுதியதை ஒரு கனவென்று சொல்லித் துடைத்திருக்கலாம், அதற்காகவே பலர் அவரை எதிர்பார்த்தார்கள். அவர் துடைக்கவில்லை. பிறப்பே தெரியாமல் போன அந்த டாக்டரைத்தான் எடுத்துக்கொண்டார், அந்தக் காயத்தையும் அவர் மேல் விட்டுவைத்தார். முன்னவர் வைத்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அது நடந்தது என்று ஒத்துக்கொள்கிற பெருந்தன்மை அது. ‘2.0’இல் நான் தேடியது அதைத்தான் போலிருக்கிறது. சிட்டி திரும்பட்டும். ஆனால் ஒருமுறை தன்னைத்தானே கழற்றிக்கொண்டவனுக்குத் திரும்பவும் மாட்டப்படும்போது ஏதாவது தோன்றாதா? பயமோ, கூச்சமோ, வேண்டாம் என்ற சின்ன மறுப்போ? அது ஒரு வரியில் முடிகிற காரியம். அந்த வரி இருந்திருந்தால் குருவியின் ஆவேசமும் கொசுவின் குறும்பும் ஒரே உலகத்தில் இருந்திருக்கும், இரண்டு எழுத்தாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். புதிய கேள்வியோடு வந்ததற்காக ஜெயமோகனைக் குறை சொல்ல மாட்டேன். சுஜாதா மாதிரி எழுத முயன்றிருந்தால் அதைவிடக் கொடுமையாக இருந்திருக்கும், நகல் எப்போதும் முன்னவரின் சலிப்பூட்டுகிற பகுதியைத்தான் முதலில் பிடிக்கும். அவர் குருவியைக் கொண்டுவந்தது சரி. பழைய முடிவுக்கு நேர்ந்ததுதான் சரியில்லை. அதை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை, மறந்துவிட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிக்கு எதிரே ஒரு நாலுகால் மண்டபம் இருக்கிறது. கம்பர் அரங்கேற்றிய மண்டபம் என்று காட்டுவார்கள். வெயில் நேரத்தில் போனால் கல் பாதத்தைச் சுடும். பக்கத்தில் மேட்டில் அழகிய சிங்கர் சன்னதி. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்திருந்தாராம், பண்டிதர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம், சிங்கர் தலையசைத்துச் சிரித்தாராம். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிற கதை. ஒரு கதைக்குப் புதிய எழுத்தாளர் வந்தால் யார் அனுமதி தர வேண்டும் என்ற கேள்வியை இதைவிட அழகாக யாரும் போட்டதில்லை. சேர்த்ததற்குச் சாமியே சாட்சி. ஆனால் சொல்லப்படாமல் போகிற பாதி ஒன்று உண்டு. கம்பர் யுத்த காண்டத்தில் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிட்டார். உத்தர காண்டத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது மரபு. சீதையைக் காட்டுக்கு அனுப்புகிற வேலை இன்னொருவர் கைக்குப் போனது. கம்பர் மூடிய கதவை இன்னொருவர் திறந்தார். மூலத்தில் இருக்கிற கதை, திறக்க அவருக்கு உரிமை இருந்தது, பெயரும் மறைக்கப்படவில்லை. தமிழ் வாசகர் அதைத் தடைசெய்யவும் இல்லை, எரிக்கவும் இல்லை. கம்பர் முடிவு கம்பருடையதாகவும் அடுத்த காண்டம் அடுத்தவருடையதாகவும் இருக்கிறது. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. எழுதுகிறவர்கள் மாறத்தான் வேண்டும். ஆயுள் அவ்வளவுதான், சம்பளத் தகராறும் உண்டு, சலிப்பும் உண்டு. வருகிறவர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரட்டும். முன்னவர் செய்த முடிவை நடந்த காரியமாக மதித்துவிட்டு மேலே எழுதட்டும். அதற்குப் பிறகும் எந்த இடத்தில் கதை முடிந்தது என்று தீர்மானிக்கிற அதிகாரம் தொலைக்காட்சிக்காரர்களிடமோ தயாரிப்பாளரிடமோ இல்லை. உத்தர காண்டம் அச்சில் கிடைக்கிறது, வேண்டியவர்கள் படிக்கிறார்கள். வீடுகளில் ராமாயணப் பாராயணம் பட்டாபிஷேகத்தோடு நிறைவடைகிறது.